மலைப்பூக்களை இனம் பிரித்தவர்: டொக்டர் ஹென்றி ட்ரைமன்

நம் பாடசாலையில் உயிரியல் படித்த சகோதரிகள் பலருக்கும் பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா போன ஞாபகம் இருக்கும். ஓர்க்கிட் பூக்களையும் பனை வரிசையையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவோம். அந்தப் பூங்காவுக்கு 1880 முதல் 1896 வரை பணிப்பாளராக இருந்தவர் நமது மாத்தளை மலைச் செடிகளுக்கும் வேண்டியவர் என்பது பலருக்குத் தெரியாது.

ஹென்றி ட்ரைமன் 1843இல் இலண்டனில் பிறந்தார். 1865இல் மருத்துவப் பட்டம் பெற்றாலும் மனம் முழுவதும் செடிகளிலேயே இருந்தது. மறு வருடமே, பூக்கும் தாவரங்களில் மிகச் சிறியதான வொல்பியா இங்கிலாந்து நீர்நிலைகளில் வளர்வதைக் கண்டறிந்தார். குண்டூசித் தலையளவு பச்சைப் புள்ளி அது! பிறகு பத்தாண்டளவு பிரித்தானிய நூதனசாலையில் தாவரப் பிரிவில் வேலை பார்த்து, முப்பத்தேழாவது வயதில் இலங்கைக்கு வந்தார்.

அவருக்கு முன் முப்பது ஆண்டுகள் பேராதனையில் இருந்த துவெயிட்ஸ் ஆயிரக்கணக்கான செடிகளைக் காயவைத்து எண்ணிட்டு வைத்திருந்தார். பெரிய சேவைதான். ஆனால் அந்த எண்கள் ஓர் இனத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இடப்பட்டவை. வெவ்வேறு மலைகளில், வெவ்வேறு ஆட்கள் பறித்த செடிகள் ஒரே எண்ணின் கீழ் சேர்ந்து கிடந்தன. இரண்டு இனங்கள் ஒன்றாகக் கலந்திருந்தாலும் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தச் சிக்கல் அதிகம் தலைகாட்டும் இடம் சூரியகாந்திக் குடும்பம். அதில் நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல சிறுபூக்கள் கூடிய ஒரு பூத்தலை. தெருவோரத்தில் ஊதாப் பூவோடு நிற்கும் மொனறகுடும்பியவை (தமிழில் நெய்ச்சிட்டி) எல்லோருக்கும் தெரியும். அதன் உறவினங்கள் பல மலைநாட்டில் உண்டு. சில இலங்கையில் மட்டுமே வளர்பவை. தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் அக்கா தங்கை மாதிரி. பூத்தலையைத் திருப்பி, அடியிலுள்ள செதில்கள் எத்தனை அடுக்கு, நுனி கூரா மழுங்கலா, விதையின் குஞ்சம் என்ன நிறம், இலையின் கீழ்ப்புறத்தில் எப்படிப்பட்ட மயிர் என்று பார்த்தால்தான் பிரிக்க முடியும். அதற்கும் மேலே ஒரு தொல்லை இருக்கிறது. காற்று அறையும் மலைமுகட்டில் குட்டையாக நிற்கும் செடியே பள்ளத்தில் நெட்டையாக வளரும். காய்ந்த கிளையை மட்டும் பார்ப்பவர் ஒன்றை இரண்டாக எண்ணிவிடலாம், இரண்டை ஒன்றாகவும் எண்ணிவிடலாம்.

அதனால் ட்ரைமன் செடி நிற்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பதை முக்கியமாகக் கொண்டார். அவரது இலங்கைத் தாவரக் கைநூல் ஒவ்வொரு இனத்துக்கும் வளரும் இடத்தைச் சொல்கிறது. மாத்தளை கிழக்கு, லக்கல, ஹுனஸ்கிரிய என்று நமக்குப் பழகிய பெயர்கள் அதில் வருகின்றன. சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் தெரிந்த மட்டில் சேர்த்தார். இதற்காகவே நாம் அவருக்கு நன்றி சொல்லலாம்.

இடத்தைக் குறிப்பது ஏன் பெரிய விடயம்? அந்த ஆண்டுகளில் கோப்பி நோயால் அழிந்து, மலைகளில் தேயிலை பரவிக்கொண்டிருந்தது. மாத்தளைக்குக் கிழக்கே நக்கிள்ஸ் தொடரில் ஒரு முகட்டில் மட்டும் வளரும் செடியை நுவரெலியாச் செடியின் பெயரிலேயே எழுதி வைத்தால், அது இங்கே அழியும்போது எந்தப் பட்டியலிலும் ஒரு பெயர்கூடக் குறையாது.

கைநூலின் முதல் பாகம் 1893இல் வந்தது. சூரியகாந்திக் குடும்பம் அடங்கிய மூன்றாம் பாகம் 1895இல். அதற்குள் ட்ரைமனுக்குக் காது முற்றாகக் கேட்காமல் போய்விட்டது. கால்களும் செயலிழந்து வந்தன. மலையேறித் திரிந்தவருக்கு இது எப்படியிருந்திருக்கும்! வேலையை மட்டும் அவர் விடவில்லை. 1896இல் பதவியிலிருந்து விலகி, அதே வருடம் ஒக்டோபரில் இங்கேயே காலமானார். வயது ஐம்பத்து இரண்டு. திருமணம் செய்யாதவர்.

மிகுதி இரண்டு பாகங்களையும் எண்பது வயதைத் தாண்டிய ஜோசப் ஹூக்கர் இங்கிலாந்திலிருந்து முடித்துக் கொடுத்தார். கடைசிப் பாகம் 1900இல் வெளியானது. நூல் முழுவதையும் புதுப்பிக்கும் வேலையில் பேராதனைப் பேராசிரியர் தசநாயக்கவும் அமெரிக்கரான பொஸ்பேர்க்கும் இறங்கியபோது, 1980இல் வந்த முதல் தொகுதியிலேயே சூரியகாந்திக் குடும்பம் இடம்பெற்றது. ரிவர்ஸ்டன் பக்கம் போகும் சகோதரிகள் பூவைப் பறிக்காமல், அதன் அடிச் செதில்களைக் குனிந்து பார்த்துவிட்டு வாருங்கள்.