வண்டியில் வந்த பள்ளிக்கூடம்

கச்சானை உடைக்கும்போதெல்லாம் எனக்கு ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் நினைவுக்கு வருவார். அமெரிக்காவின் மிசூரியில் அடிமையாகப் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது தாயுடன் கடத்தப்பட்டார். பிள்ளை மட்டும் மீட்கப்பட்டது. தாய் என்னவானார் என்று கடைசிவரை தெரியவில்லை. இந்த இடத்தை என்னால் இலகுவில் கடந்து வாசிக்க முடிந்ததில்லை.

கறுப்பர் என்று ஒரு கல்லூரி திருப்பி அனுப்பியது. பிறகு அயோவாவில் விவசாயம் படித்து, 1896 இல் அலபாமாவின் டஸ்கிகீக்கு ஆசிரியராக வந்தார். சுற்றிவரப் பருத்தி, சத்திழந்த மண், கடனில் மூழ்கிய குத்தகைக்காரர்கள். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வர அவர்களுக்கு வழியில்லை. அதனால் 1906 இல் கலப்பையும் விதையும் ஏற்றிய வண்டியொன்று அவர்களின் வயலுக்கே போனது. அதை வடிவமைத்தவர் கார்வர். கச்சான், கௌபி போட்டால் மண் தேறும் என்பதை அங்கேயே செய்து காட்டினார்கள்.

1943 இல் இறக்குமுன், தன் சேமிப்பை டஸ்கிகீயின் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்.