ஜி. டி. நாயுடுவும் திருப்பூர் நிர்வாகிகளும்

திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளிகள் கூடும் இடங்களில் அடிக்கடி எழும் புகார் ஒன்று உண்டு. ஆர்டர் இருக்கிறது, யந்திரம் இருக்கிறது, ஆட்களை நடத்தத் தகுந்த நிர்வாகிகள்தாம் கிடைக்கவில்லை என்பதே அது. இக்குறைக்குப் பரிகாரமாக மானேஜர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் வகுப்புகள் நடத்தப்படுகின்றன. அன்னிய தேசத்து முறைகள் போதிக்கப்படுகின்றன. அவற்றை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதே திருப்பூரில் பருத்தி அரைவை ஆலை நடத்திய ஒரு மனிதருடைய சரித்திரத்தை முதலில் படித்துவிட்டு அந்த வகுப்புகளுக்குப் போவது நலம் என்பது நம் அபிப்பிராயம்.

கோயமுத்தூர் ஜில்லா கலங்கல் கிராமத்தில் 1893-ம் வருஷம் மார்ச் மாதம் 23-ந் தேதி, கோபால்சாமி நாயுடு என்ற விவசாயியின் குமாரராகப் பிறந்தவர் துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடப் படிப்பு அவருக்கு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. படிப்பு ஏறவில்லை என்பதைவிட, கட்டளைக்கு அடங்கிப் படிக்க அவர் இசையவில்லை என்பதே உண்மை. ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்ட நாள் முதல் அவர் மனம் அதிலேயே லயித்துவிட்டது. அதை வாங்கும் பணத்திற்காகக் கோயமுத்தூர் ஹோட்டல் ஒன்றில் பரிமாறும் வேலைக்கு அமர்ந்தார். பணம் சேர்ந்ததும் வண்டியை வாங்கினார். வாங்கியதும் அதை அக்கு அக்காகக் கழற்றிப் போட்டார். பிறகு தாமே பூட்டினார். இச்செய்கையை விளையாட்டென்று தள்ளிவிட முடியாது. பிற்காலத்தில் அவர் கையாண்ட நிர்வாக முறை முழுவதும் இதிலிருந்தே கிளைத்தது. தம் கையால் பிரித்துப் பார்க்காத ஒன்றை நடத்திக் காட்ட அவர் முன்வந்ததில்லை.

முதல் உலக யுத்த காலத்தில் திருப்பூரில் அரைவை ஆலை வைத்து நல்ல லாபம் கண்டார். அந்த லாபமே அவரைப் பம்பாய்க்கு இழுத்துச் சென்றது. பஞ்சு வியாபாரத்தில் இறங்கிச் சம்பாதித்ததை இழந்து திரும்பினார். யந்திரத்தை அறிந்தவர், விலையின் ஏற்ற இறக்கத்தை அறிந்தவராக இல்லை. பின்னாளில் அவர் வளர்த்த தொழில்களையெல்லாம் பார்த்தால், பண்டத்தை உண்டாக்கும் தொழில்களும் பிரயாணிகளுக்குப் பணி செய்யும் தொழிலுமாகவே இருக்கக் காண்கிறோம். மார்க்கட் சூதாட்டத்தின் பக்கம் அவர் பெயர் அடிபடவில்லை. கையில் ஒன்றுமில்லாதிருந்த அச்சமயத்தில், கோயமுத்தூர் வர்த்தகர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அவரை நம்பிக் கடன் கொடுத்து, ஒரு பஸ்ஸுக்குச் சொந்தக்காரராக்கினார். ஸ்டேன்ஸ் ஆங்கிலேயர்தாம். எனினும் ஒருவனுடைய கைத்திறனையே ஜாமீனாகக் கொண்டு பணம் கொடுக்கும் துணிவு, நம்மவரில் எத்தனை தனவந்தருக்கு இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

1920-ல் அந்த பஸ் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே ஓடிற்று. ஓட்டியவர் துரைசாமி நாயுடுவேதான். அந்த ஒரு வண்டி பெருகி, யுனைடெட் மோட்டார் சர்வீஸ் என்ற ஸ்தாபனமாயிற்று. சுருக்கமாக யு. எம். எஸ். என்பார்கள். 1930-களில் தேசத்திலேயே சீராக நடந்த பஸ் ஸ்தாபனங்களில் ஒன்றாக அது விளங்கியது. நம் ஜனங்கள் வண்டிக்குக் காத்திருக்கப் பழகினவர்கள்; வண்டி ஜனங்களுக்காகக் குறித்த நேரத்தில் வந்து நிற்கும் என்பது அக்காலத்தில் ஆச்சரியமான விஷயம். அதை அவர் சாதித்தார். டிரைவரின் கஷ்டம் டிரைவராக இருந்தவருக்குத் தெரியும். டிரைவரின் சாக்குப்போக்கும் அவருக்குத் தெரியும். ஆகையால் சிப்பந்திகளால் அவரை ஏமாற்ற முடியவில்லை. அவராலும் முடியாத காரியத்தைச் சிப்பந்திகளிடம் கேட்க முடியவில்லை. இந்த இரண்டாவது விஷயத்தை முதலாளிகள் கவனிப்பது குறைவு. அவர் கண்டிப்பைப் பற்றி மட்டும் கதை கதையாகச் சொல்வார்கள்.

திருப்பூருக்கு இது புதிய செய்தியாக இருக்க வேண்டியதில்லை. 1925-ஐ ஒட்டி அங்கே தோன்றிய பின்னல் தொழில் வளர்ந்த விதமே இதுதான். தறியிலும் கட்டிங் மேஜையிலும் வேலை பார்த்த பலர் பிற்காலத்தில் கம்பெனி முதலாளிகளானார்கள். யந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் முதலாளிகள் அவ்வூரில் இருந்தார்கள். ஆனால் தாம் பட்ட பாட்டையே பிறரும் பட்டால் என்ன என்று கேட்கும் மனோபாவமும் அங்கிருந்துதான் வந்தது. 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாதக்கணக்கில் அடுப்பு எரியாத வீடுகள் பல. தொழிலாளியாயிருந்து உயர்ந்தவர்கள் நிறைந்த ஊரிலேயே இப்படி நேர்ந்ததென்றால், அடிமட்டத்திலிருந்து வந்தவர் என்பது மட்டும் ஒருவரை நல்ல தலைவராக்கிவிடாது என்பது விளங்கும். இன்றோ ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஷிப்டில் நிற்கிறார்கள். அவர்களுடைய பாஷையில் பத்து வார்த்தை பேசத் தெரியாத சூப்பர்வைசர், பீஸ் கணக்கை மாத்திரம் உரக்கக் கூவுகிறார்.

துரைசாமி நாயுடுவின் சரித்திரத்தில் இதற்கு விடையாக நாம் காண்பது, தமக்குத் தெரிந்ததைப் பிறருக்குக் கொடுத்துவிட வேண்டுமென்ற அவசரம். பைகாரா மின்சாரம் 1930-களின் ஆரம்பத்தில் கொங்கு நாட்டிற்கு வந்தபோது, அதைக் கொண்டு ஓட வேண்டிய மோட்டார்கள் சீமையிலிருந்து வர வேண்டியிருந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து அவர் நம் தேசத்திலேயே மோட்டார் செய்து காட்டினார். கதர் இயக்கம் துணியில் செய்ததை அவர் இரும்பில் செய்தார் என்றால் மிகையாகாது. பாலசுந்தரம் நாயுடு பிற்பாடு டெக்ஸ்டூல் ஸ்தாபனத்தைத் தாமே நிறுவி, நூற்பு யந்திரங்களையே இந்நாட்டில் உற்பத்தி செய்யும் நிலைக்கு உயர்ந்தார். கூட வேலை செய்தவர் தனியே நின்று பெரியவராவது, பல முதலாளிகளுக்குத் துரோகமாகத் தோன்றும். நம் கண்ணுக்கு அதுவே முதலாளியின் பெருமை.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றார். ஜனங்களை இணங்கவைக்கும் பொறுமை அவரிடம் இல்லை. 1952-ல் இரண்டு பேர் அமரும் மோட்டார் காரை 2000 ரூபாயில் செய்யலாமென்று முன்வந்தபோது, சுதந்திர சர்க்கார் அனுமதி தரவில்லை. அது தேசத்திற்கு நஷ்டம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் வரிக்கொடுமையைக் கண்டிப்பதற்காகத் தம் ரேடியோக்களையும் மற்றப் பொருள்களையும் பகிரங்கமாக உடைத்தாரே, அதை நம்மால் ஒப்ப முடியவில்லை. அவற்றில் தொழிலாளிகளின் உழைப்பும் இருந்தது. கோபம் முதலாளியினுடையது, உடைந்தது எல்லோருடையதும்.

1945-ல் கோயமுத்தூரில் அவர் முயற்சியால் ஒரு தொழிற் கல்லூரி ஏற்பட்டது. சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1942-ல் நம் தொண்டர்களைச் சிறையில் அடைத்த ஆட்சிக்குத் தலைவராயிருந்தவர் பெயரை, மூன்றே வருஷத்தில் ஒரு கல்விச்சாலையின் வாசலில் வாசிப்பது தேசபக்தருக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனினும் அக்கல்லூரிக்குப் பிரின்ஸிபாலாக அமர்ந்தவர் பள்ளிப் படிப்பைக் கூட முடிக்காத துரைசாமி நாயுடு. நான்கு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்தில், பட்டறையில் நிறுத்திக் கற்பித்துவிடலாம் என்றார். சர்க்கார் இசையவில்லை, அவர் விலகிக்கொண்டார்.

1974-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார். கோயமுத்தூரிலிருந்து திருப்பூர்த் திசை நோக்கிச் செல்லும் அவினாசி சாலையில், 2025-ல் திறக்கப்பட்ட நெடிய மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் விட்டு விலகிய கல்லூரி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயருடன் தடாகம் சாலையில் நடந்து வருகிறது. படிப்பு அங்கே இன்றும் நான்கு வருஷம்தான்.