இருளை அளந்த வேட்டைக்காரர் – ஜிம் கார்பெட்

பகல் மனிதனுடையது, இரவு விலங்கினுடையது. கும்மிருட்டில் நாம் தடுமாறி நிற்கும்போது, சிறுத்தைக்கோ மங்கிய விண்மீன் ஒளியே போதும். கண்ணுக்குத் தெரியாத பகையைக் குறிபார்ப்பது எவ்வாறு? துப்பாக்கியைப் பிடிக்க இரு கைகளும் வேண்டும். விளக்கைப் பிடிக்க மூன்றாம் கை ஏது? இந்த இடர்ப்பாட்டிலிருந்து பிறந்ததே துப்பாக்கிக் குழலோடு மின்விளக்கைப் பொருத்தும் முறை. விளக்கின் ஒளிக்கற்றையும் குண்டு செல்லும் திசையும் ஒன்றாகும்போது, குறிமுனையும் குறியும் ஒருசேரத் தெரியும். இக்கருவியை ஒரே ஒரு கணம் பயன்படுத்தி எட்டாண்டு அச்சத்தைத் துடைத்தவர் ஜிம் கார்பெட்.

இளமையும் உழைப்பும்

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள நைனிதாலில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் அஞ்சல் அதிகாரி. 1881இல் தந்தை மறைந்தபோது சிறுவனுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. பெரிய குடும்பத்தின் சுமை தாயார் மேரி ஜேனின் தோள்களில் வீழ்ந்தது. குளிர்காலத்தில் குடும்பம் காலாதுங்கியில் தங்கும். அங்கிருந்த காடே அவருக்குப் பள்ளிக்கூடம். எந்தப் பறவை எதற்காகக் கூவுகிறது, மான் எதைக் கண்டு அலறுகிறது, மண்ணில் பதிந்த தடம் எத்தனை நாழிகைக்கு முந்தியது என்பனவெல்லாம் அவர் அங்கே கற்ற பாடங்கள்.

இளம் வயதிலேயே இரயில்வேப் பணியில் சேர்ந்தார். கங்கைக் கரையில் மொகாமே காட் என்னுமிடத்தில் சரக்குகளை மாற்றியேற்றும் பணியை இருபதாண்டுகளுக்கு மேல் நடத்தினார். கூலியாட்களோடு தோளோடு தோள் நின்று உழைத்தார். முதல் உலகப் போரில் குமாவுன் மலைமக்கள் ஐந்நூறு பேரை அழைத்துக்கொண்டு பிரான்சு சென்றார்.

ஆட்கொல்லி விலங்குகளைத் தேடிச் சென்றது அவர் ஓய்வுநேரத்தில் மேற்கொண்ட தொண்டு. 436 உயிர்களைக் குடித்த சம்பாவத் பெண்புலியை அவர் 1907இல் வீழ்த்தினார். ஆயினும் அவர் பொறுமையை உரைத்துப் பார்த்த உரைகல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையே.

எட்டாண்டு இருள்

அலகநந்தாவும் மந்தாகினியும் கூடுமிடம் ருத்ரபிரயாகை. கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் செல்லும் அடியார்கள் அவ்வழியே நடப்பர். 1918 முதல் 1926 வரை, அரசுக் கணக்கின்படியே 125 பேரை ஒரு சிறுத்தை கொன்றது. கதிரவன் சாய்ந்ததும் கதவுகள் அடைபடும், ஊர்கள் ஊமையாகும். தாழிடாத கதவையும் மண்சுவரின் பிளவையும் அது தேடித் திரிந்தது. நஞ்சு வைத்தனர், இரும்புப் பொறி வைத்தனர், தானே வெடிக்கும் துப்பாக்கிகளைக் கட்டிவைத்தனர். எல்லாம் வீணாயின.

கார்வால் மாவட்ட ஆட்சியர் இபட்சன் அழைத்ததன்பேரில் கார்பெட் 1925இல் அங்கு வந்தார். அங்கே விளக்கு ஒருமுறை அவரைக் கைவிட்டது. இபட்சனும் அவரும் பெட்ரோமாக்ஸைப் போன்ற பெட்ரோல் விளக்கொன்றை ஏந்தி இருட்டில் மலைவழி சென்றுகொண்டிருந்தனர். விளக்கு பாறையில் மோதியது, மேண்டில் உதிர்ந்தது, நீலச் சுடர் மட்டும் மிஞ்சியது. அது அணையுமுன்னோ வெடிக்குமுன்னோ ஓரிடம் சேர வேண்டும். தட்டுத்தடுமாறி ஒரு வீட்டை அடைந்து உயிர் பிழைத்தனர். விடிந்தபின் பார்த்தால், அவர்கள் நடந்த வழியில் சிறுத்தையின் தடம்! வேட்டையாடச் சென்றவர்களையே அது வேட்டையாட வந்திருந்தது.

பதினோராம் இரவு

1926ஆம் ஆண்டு வசந்தத்தில், குலாப்ராய் என்னும் சத்திரத்தருகே பாதையோர மாமரத்தில் பரண் கட்டிக்கொண்டு கார்பெட் அமர்ந்தார். கீழே கழுத்தில் மணி கட்டிய ஓர் ஆடு. துப்பாக்கியில் ஒரு டார்ச் விளக்கு. பத்து இரவுகள் வறிதே கழிந்தன. அச்சத்திரத்தை நடத்திய பண்டிதர் முன்பு அதே சிறுத்தையின் பிடியில் சிக்கித் தப்பியவர். அவரும் உள்ளே விழித்திருந்தார்.

மே 2ஆம் நாள், பதினோராம் இரவு. பின்னிரவில்தான் நிலவு எழும். அண்மையில் தங்கியிருந்த இடையனின் நாய்கள் பாதையை நோக்கிக் குரைத்தன. பின்னர்க் குரைப்பு நின்றது. கார்பெட் கண்ணை நம்பவில்லை; செவியை நம்பினார். ஆடு நிற்குமிடத்தை நோக்கி இருளிலேயே துப்பாக்கியை நீட்டி அசையாதிருந்தார். திடீரென மணி அதிர்ந்தது. விளக்குப் பொத்தானை அழுத்தினார். குறிமுனை சிறுத்தையின் தோளின்மேல் நின்றது! மயிரிழையும் நகர்த்தாமல் விசையை அழுத்தினார். அக்கணமே விளக்கு அணைந்தது.

மீண்டும் இருள். குண்டு பாய்ந்ததா, பிழைத்ததா? அறிய வழியில்லை. ஆட்டின் மணியொலி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது உயிரோடிருக்கிறது என்பதே கிடைத்த ஒரே செய்தி. விடிந்தபின் இறங்கிக் குருதித் தடத்தைப் பின்பற்றிச் சென்றார். சற்றுக் கீழே ஒரு பள்ளத்தில் சிறுத்தை மாண்டு கிடந்தது. பல் தேய்ந்த முதிய ஆண் சிறுத்தை அது.

விளக்கு ஏன் அணைந்தது? பல திங்களாகச் சுமந்து திரிந்தும் ஒருமுறையேனும் எரித்துச் சோதிக்கவில்லை. மின்கலத்தின் ஆயுள் இவ்வளவு என்பதை அவர் அந்நாளில் அறிந்திருக்கவுமில்லை. வேதியியல் மாணவர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். சும்மா வைத்திருந்தாலும் உலர்மின்கலத்தின் துத்தநாக உறை மெல்ல அரிக்கப்படும், உள்ளிருக்கும் ஈரப்பசை வறளும், அகத்தடை உயரும். அத்தகைய கலம் ஒரு கணம் இழையை ஒளிரச் செய்யும். மறுகணமே மின்னழுத்தம் தாழ்ந்து ஓய்ந்துவிடும்.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என வள்ளுவர் அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் வைத்தார். கார்பெட் காலத்தை அறிந்தார், இடத்தை அறிந்தார், தம் விளக்கின் வலியை மட்டும் அறியத் தவறினார். ஆயினும் வென்றார். எப்படி? ஒளி வருமுன்பே துப்பாக்கி சரியான திசையில் நின்றது. அத்திசையைக் காட்டியது மின்கலமன்று. காலாதுங்கிக் காட்டில் இளமை முதல் பழகிய செவி. விளக்கு அவ்வறிவுக்குச் சான்று கூறி மறைந்தது.

துப்பாக்கியிலிருந்து படக்கருவிக்கு

அதே காலத்தில் வன அதிகாரி எப். டபிள்யூ. சாம்பியன், விலங்கின் கால் பட்டதும் ஒளி பாய்ச்சும் படக்கருவிகளைக் காட்டில் அமைத்து, இரவுப் புலிகளைப் படம் பிடித்தார். அவர் நூல் 1927இல் வெளிவந்தது. அவர் வழியில் கார்பெட்டும் படக்கருவியை ஏந்தினார். ஆட்கொல்லியைக் கொன்ற கையே, குற்றமற்ற புலியைக் காக்கவும் எழுந்தது. 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமையத் துணைநின்றார். 1944இல் வெளிவந்த குமாவுன் ஆட்கொல்லிகள் பற்றிய நூல் அவர் புகழை உலகெங்கும் பரப்பியது.

1947இல் தமக்கை மாகியுடன் கென்யா சென்று குடியேறினார். 1955 ஏப்ரல் 19இல் நையேரியில் காலமானார். தேசியப் பூங்கா பின்னர் அவர் பெயரைத் தாங்கியது. 1973இல் புலிகள் காப்புத் திட்டம் அங்கேதான் தொடங்கப்பட்டது.

நண்பர்களே! இன்று நம் சட்டைப்பையில் அடங்கும் விளக்கு, கார்பெட்டின் டார்ச்சைவிடப் பன்மடங்கு ஒளி வீசும். அதைச் சோதித்து வைத்துக்கொள்வது அறிவுடைமை. ஆனால் அது எரியும் ஒரு கணத்தில் நாம் எத்திசையில் நிற்கிறோம் என்பதை விளக்கு தீர்மானிப்பதில்லை. அதற்கு முந்திய நெடிய இரவுகளில் நாம் கற்றதே தீர்மானிக்கிறது. அந்த மே மாதக் காலையில் கார்வால் மக்கள் திறந்த கதவுகள், பதினோர் இரவுகள் அசையாதிருந்த ஒரு மனிதரின் பொறுமைக்குத் திறந்தவை.