ஓடவீரர் கெர்ட் பிரெட்ரிக்ஸன்

புகழை அடைதல் அரிது. அடைந்த புகழைக் காத்தல் அதனினும் அரிது. காலம் வந்தபோது அதனைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளுதலோ யாவற்றினும் அரிது. இம்மூன்றையும் செய்து காட்டிய ஸ்வீடன் தேசத்து ஓடவீரர் ஒருவரின் சரித்திரத்தை, சிறப்பாக நம் சங்கத்து இளைஞர் பொருட்டு, ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

கெர்ட் பிரெட்ரிக்ஸன் 1919-ம் ஆண்டு நவம்பர் 21-ம் தேதி நிஷோபிங் என்னும் பட்டினத்தில் ஜனித்தார். ஜீவனத்தின் பொருட்டுத் தீயணைக்கும் படையில் ஊழியம் செய்தவர். இவர் கைதேர்ந்தது கயாக் என்னும் ஓடத்தில். ஒருவர் கால் நீட்டி அமர்ந்து, இருமுனைத் துடுப்பை இடமும் வலமும் மாறிமாறி இட்டுச் செலுத்தும் ஒடுங்கிய ஓடம் அது.

இவர் தேகவலிமை தழைத்திருந்த பருவத்தில் உலக மகாயுத்தம் மூண்டது. 1940-லும் 1944-லும் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெறவே இல்லை. இருபதாம் பிராயமும் இருபத்து நான்காம் பிராயமும் இவ்வாறு கழிந்தன. வேறொருவராயின் விதியை நொந்து துடுப்பைக் கீழே வைத்திருப்பர். இவரோ பயிற்சியைக் கைவிடவில்லை.

1948-ல் லண்டன் பந்தயம் கூடியபோது இவருக்கு வயது இருபத்தெட்டு. ஆயிரம் மீட்டர், பதினாயிரம் மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கப் பதக்கம் பெற்றார். நெடுந்தூரப் போட்டியில் இரண்டாமவர் எல்லையை எட்டியது, இவர் எட்டி ஏறக்குறைய அரை நிமிஷம் சென்ற பின்னரே.

1952-ல் ஹெல்சிங்கியில் ஆயிரம் மீட்டரில் மீண்டும் வென்றார். ஆயினும் பதினாயிரம் மீட்டரில் பின்லாந்து வீரர் ஸ்ட்ரோம்பெர்க் இவரை முந்தினார். அத்தோல்வியால் இவர் தளர்ந்தாரல்லர். 1956-ல் மெல்போர்ன் பந்தயத்தின் ஓடப்போட்டிகள் பாலராட் நகரத்து வெண்டூரி ஏரியில் நிகழ்ந்தன. முப்பத்தேழாம் வயது நிரம்பிய சில தினங்களில், அங்கே இரண்டு தங்கத்தையும் கைப்பற்றினார்.

1960-ல் ரோமாபுரிக்குச் சென்றபோது வயது நாற்பது. ஆயிரம் மீட்டர் தனியோடத்தில் மூன்றாம் ஸ்தானமே வாய்த்தது. ஆனால் தம்மினும் பதின்மூன்று வயது இளைய ஷோடேலியஸ் என்பவரோடு இருவர் ஓடத்தில் அமர்ந்து, ஆறாம் தங்கத்தை அடைந்தார். நான்காண்டு கழித்து டோக்கியோவுக்கு ஸ்வீடன் வீரர்களின் பயிற்சி ஆசிரியராகச் சென்றார். அங்கே ஷோடேலியஸ், உட்டர்பெர்க் என்பவரோடு கூடி, அதே போட்டியில் மீண்டும் தங்கம் வென்றார். ஆசிரியர்க்கு அதனினும் மேலான பரிசு யாதுளது?

பிரெட்ரிக்ஸன் 2006-ம் ஆண்டு ஜூலை 5-ம் தேதி, எண்பத்தாறாம் வயதில் காலஞ்சென்றார். ஓடப்போட்டி ஆடவருள் வேறு எவரும் 2024-ம் ஆண்டுப் பாரிஸ் பந்தயம் வரையில் ஒலிம்பிக்கில் ஆறு தங்கத்தை எட்டவில்லை.

படிப்பிலோ தொழிலிலோ சில ஆண்டுகள் வீணாயின என்று மனம் வருந்தும் வாலிபர் நம்முள் பலர் உளர். யுத்தம் கவர்ந்த ஆண்டுகளை இவர் திரும்பப் பெற்றாரில்லை; எஞ்சிய ஆண்டுகளை வீணாக்கவும் இல்லை. அவ்வாறே நம் மக்களும் ஊக்கம் குன்றாது உழைத்து, தாம் கற்றதை இளையோர்க்கும் ஈந்து வாழ்வாராக.