படி தாண்டிய தபால்: ஸ்ரீரங்கத்து குமுதினி

நம் ஊர் மனிதர்கள் வரிசையில் இந்தக் காலாண்டுக்கு ஒரு பெண் எழுத்தாளர்.

ஸ்ரீரங்கம், சிரிப்பு, துடுக்கான பெண்கள் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் நம்மில் பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவது சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’தான். ஆனால் சுஜாதா பிறப்பதற்கு ஓர் ஆண்டு முன்பே, 1934-இல், அதே ஸ்ரீரங்கத்து மருமகள் ஒருவர் ஆனந்த விகடனில் எழுதி வாசகர்களைச் சிரிக்க வைத்திருக்கிறார். புனைபெயர் குமுதினி. சொந்தப் பெயர் ரங்கநாயகி தாத்தம்.

பெயரிலேயே ஒரு வேடிக்கை

ரங்கநாயகி என்பது ஸ்ரீரங்கத்துத் தாயாரின் திருநாமம். தாயாருக்குப் படிதாண்டா பத்தினி என்று ஒரு பெயர் உண்டு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நம்பெருமாள் உறையூர் போவார், காவிரிக்குப் போவார், கொள்ளிடத்துக்குப் போவார். தாயார் தன் சன்னிதி வளாகத்தை விட்டு வெளியே வருவதில்லை. பெருமாள்தான் தாயாரைத் தேடி வர வேண்டும்.

அதற்காகத் தாயாரைச் சாது என்று நினைத்துவிட வேண்டாம். பங்குனியில் பெருமாள் உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்பி வந்ததும் என்ன நடக்கிறது? தாயார் கதவைச் சாத்திவிடுகிறார். மட்டையடி நடக்கிறது. பெருமாள் சமாதானம் சொல்லிப் பார்த்தும் எடுபடாமல், கடைசியில் நம்மாழ்வார் நடுவில் வந்து பேசித் தீர்த்து வைக்கிறார். அதன் பிறகுதான் பங்குனி உத்திரச் சேர்த்தி. தெய்வத்தின் வீட்டிலும் ஊடல் உண்டு, பஞ்சாயத்து உண்டு என்று ஆண்டுதோறும் பார்த்துச் சிரிக்கிற ஊர் இது. புராணத்துப் பெண்களை நம் வீட்டுப் பெண்களாக நினைத்துப் பேசுவது இங்கே யாருக்கும் புதிதல்ல.

1905-இல் பிறந்த ரங்கநாயகிக்குச் சிறுமியாக இருக்கும்போதே திருமணம் ஆயிற்று. பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1930 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அவர் வாழ்க்கைப்பட்டது ஸ்ரீரங்கத்தில் ஆசாரமான வைணவக் குடும்பம். அந்தக் கால ஆசாரக் குடும்பம் என்றால் எப்படி இருக்கும் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். மடி, தளிகை, திதி, உற்சவம், வந்துபோகும் விருந்தாளிகள், மாமியார், நாத்தனார், ஓரகத்தி. மருமகளுக்குப் பேச்சு குறைவாகவும் வேலை அதிகமாகவும் இருக்கும். ரங்கநாயகிக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் கிடைக்கவில்லை. படித்ததில் பெரும்பகுதி வீட்டில் இருந்தபடி தானே முயன்று படித்துக்கொண்டதுதான்.

புனைபெயரையும் பொருத்தமாகத்தான் வைத்துக்கொண்டார். குமுதம் என்றால் ஆம்பல். பகலில் கூம்பி, இரவில் மலரும் பூ. பகல் முழுவதும் அடுக்களைக்குச் சொந்தமாகிவிடுகிற ஒரு பெண்ணுக்கு இதைவிட நல்ல பெயர் அமையாது.

சீதைக்கு ஒரு புடவை வேண்டும்

1930-களில் ஆனந்த விகடன் வாசனுடையது. கல்கி அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். நகைச்சுவைக்கு அந்தப் பத்திரிகையில் ராஜமரியாதை. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவி, மாமியார் என்றாலே அவர்கள் கையில் கேலிக்கான சரக்கு. அந்த இடத்தில்தான் குமுதினியின் கடிதங்கள் வந்தன.

கற்பனை இதுதான். கல்யாணமாகி அயோத்திக்கு வந்த சீதை, மிதிலையில் இருக்கும் தன் அம்மாவுக்குக் கடிதம் போடுகிறாள். ராஜநீதி, வேதாந்தம் எதுவும் கடிதத்தில் இல்லை. புக்ககம் எப்படி இருக்கிறது, இங்கே என்ன பழக்கம், யார் என்ன உடுத்துகிறார்கள் என்ற செய்திகள்தான். முக்கியமாக, தனக்கு ஒரு புடவை வேண்டும்.

கேட்டால் சின்ன விஷயம். ஆனால் புதிதாகப் புக்ககம் போன எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். பிறந்த வீட்டிலிருந்து வருகிற புடவை வெறும் துணி இல்லை. அதை நாலு பேர் பிரித்துப் பார்ப்பார்கள், கரையைத் தடவிப் பார்ப்பார்கள், எந்த ஊர் நெசவு என்று கேட்பார்கள். பெண்ணின் அம்மாவுக்கு அங்கே மதிப்பெண் போடப்படும். பெண் வாய் திறக்காமல் நிற்பாள். ஜனக மகாராஜாவின் மகளுக்கும் அதே கவலைதான் என்று எழுதினால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? திரேதா யுகத்தில் தபால் ஆபீஸ் இருந்ததா என்று யாரும் கேட்கத் தோன்றாத அளவுக்கு அது இயல்பாக அமைந்துவிட்டது.

அந்தச் சிரிப்புக்குள் குமுதினி ஒரு முள்ளையும் வைத்திருக்கிறார். பட்டாபிஷேகம் நிச்சயமாகிறது. இனி புடவை என்றால் சாதாரணப் புடவை போதாது. சீதைக்குத் தெரியாதது படிக்கிற நமக்கு முன்பே தெரியும். கைகேயி வரம் கேட்கப் போகிறாள். பட்டுக்கு ஆசைப்பட்டவள் மரவுரி உடுத்தியவனோடு காட்டுக்குப் போகப் போகிறாள். கடைசியில் அந்தக் கட்டம் வந்துவிடுகிறது. கோரிக்கையே மாறிப்போகிறது. இனி தேவைப்படுவது காட்டுக்கு ஏற்றது. அப்போதும் அவள் அழுது புலம்பவில்லை. நிலைமை இப்படி, ஆகவே வேண்டியது இது என்று காரியமாக எழுதுகிறாள்.

இந்த இடத்தில் சிரித்துக்கொண்டே வந்த வாசகர் சற்று நின்றுவிடுவார். ஒரு பெண்ணின் வாழ்க்கை தலைகீழாக மாறியிருக்கிறது. அந்த முடிவை எடுத்த இடத்தில் அவளை யாரும் கலந்துகொள்ளவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு ஏற்ற துணிமணியைப் பற்றி யோசிக்க வேண்டியது அவள்தான். இதைக் கட்டுரையாக எழுதியிருந்தால் 1934-இல் பல வீடுகளில் அந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பார்கள். கடிதமாகவும் வேடிக்கையாகவும் எழுதியதால், மாமியார்களும் சேர்ந்து படித்துச் சிரித்திருப்பார்கள். மருமகளால் நேரில் பேச முடியாததைப் பேசுவதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது. தாயார் படி தாண்டுவதில்லை, ஆனால் அந்தப் பெயர் வைத்துக்கொண்ட பெண் தபாலைத் தாண்ட வைத்துவிட்டார்.

சில்லறைக்கு ஒரு கம்பெனி

அதன் பிறகும் குமுதினி நிறைய எழுதினார். ‘திவான் மகள்’ என்ற நாவல் வந்தது. அவருடைய கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் பெயர் ‘சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்’. பெயரே பாதி சிரிப்பை வரவழைத்துவிடும்.

சற்று நின்று பார்த்தால் அந்தப் பெயருக்குள் ஒரு பதிலடியும் தெரியும். பெண்கள் பேசினால் அது சில்லறைச் சங்கதி. ஆண்கள் பேசினால் அது உலக விவகாரம். லிமிடெட் என்பது அன்று மில் முதலாளிகளும் பாங்கிக்காரர்களும் தங்கள் பெயர்ப்பலகையில் போட்டுக்கொண்ட சொல். குமுதினி அந்தச் சொல்லை எடுத்துச் சில்லறையோடு முடிச்சுப் போட்டார். நீங்கள் சில்லறை என்று தள்ளுவதைத்தான் நாங்கள் தொழிலாக நடத்துகிறோம், முதல் போட்டிருக்கிறோம், கணக்கும் வைத்திருக்கிறோம் என்று சொல்லாமல் சொல்கிற பெயர் அது. ஒரு வீட்டை நடத்துவதற்கு எவ்வளவு நிர்வாகத் திறமை வேண்டும் என்பது நம் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கை ஒரே ஒரு மாதம் பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியும்.

பேனாவை வைத்துவிட்டு

திருச்சி அப்போது சூடான ஊர். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை வேதாரண்யத்துக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். காந்தியின் காற்று அக்ரகாரத்து வீடுகளுக்குள்ளும் வீசியது. குமுதினி காந்தியவாதியானார். கதர் உடுத்தினார். சீதைக்கு விதவிதமாகப் புடவை கேட்டு எழுதிய அதே கை, தனக்கென்று எடுத்துக்கொண்டது முரட்டுக் கதர். இரண்டிலும் ஒரே பெண்ணைத்தான் பார்க்கிறேன். புடவையின் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறோம் என்று தெரிந்தவரால்தான் அதை அவ்வளவு எளிதாக இறக்கி வைக்க முடியும்.

எழுத்தோடு அவர் நிற்கவில்லை. ஆதரவற்ற பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் உழைத்த திருச்சி சேவா சங்கத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. இப்படிப்பட்ட வேலையை யாரும் தனியாகச் செய்துவிட முடியாது. நாலு தோழிகள் வேண்டும். வீட்டு வேலையை முடித்துவிட்டு, வீட்டாரின் முணுமுணுப்பையும் சமாளித்துவிட்டு, இன்னொருத்தியின் கஷ்டத்துக்காகக் கூடி உட்காரத் தயாராக இருக்கும் பெண்கள் வேண்டும். போக இடமில்லாமல் நிற்கும் பெண்ணுக்குச் சாப்பாடு, படுக்க இடம், கைத்தொழில், படிப்பு. இவையும் சில்லறைச் சங்கதிகள்தான். ஒவ்வொன்றாகக் கூட்டினால்தான் ஒரு வாழ்க்கை ஆகிறது.

குமுதினி 1986-இல் காலமானார். இடையில் அவர் பெயர் கொஞ்சம் மங்கித்தான் போயிற்று. நகைச்சுவை எழுதுகிறவர்களை இலக்கிய வரலாறு எப்போதும் பின் வரிசையில்தான் உட்கார வைக்கும். அதிலும் பெண் என்றால் கேட்க வேண்டாம். ஆனால் சீதையின் கடிதங்கள் தப்பிப் பிழைத்தன. ராமாயணக் கதைகளை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியை பாலா ரிச்மன் 2008-இல் வெளியிட்ட தென்னிந்திய ராமாயணக் கதைத் தொகுப்பில் அவை ஆங்கிலத்தில் இடம்பெற்றன. மிதிலைக்கு எழுதியது அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு வேண்டுகோள்

நம் குடியிருப்பில் பரணிலோ பழைய பெட்டியிலோ, பாட்டியோ அத்தையோ பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள் இருக்கலாம். புக்ககத்திலிருந்து பிறந்த வீட்டுக்குப் போன கடிதக் கட்டுகளும் இருக்கலாம். பழைய பேப்பர்காரரின் தராசில் வைப்பதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து அவற்றைப் படித்துப் பாருங்கள். புடவைக் கரை, அப்பளக் கணக்கு, நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தை என்றுதான் இருக்கும். ஆனால் அவற்றை எழுதியவரை நீங்கள் இதுவரை அறிந்ததைவிட அதிகமாக அறிவீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.