அந்தி வானத்தை வரைந்தவர்

ஓவியம் என்றதும் நம்மில் பலருக்கு லியோனார்டோ டா வின்சியும் ரவி வர்மாவும்தான் நினைவுக்கு வருவர். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக்கை அறிந்தவர் நம் மாணவர்களிடையே சிலரே. அவரது வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகச் சொல்ல விழைகிறேன்.

பிரீட்ரிக் 1774 செப்டம்பர் 5-ஆம் நாள், பால்டிக் கடலோரம் உள்ள கிரைஃப்ஸ்வால்டு நகரில் பிறந்தார். தந்தை மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். 1781-இல் தாய் இறந்தார். 1787-இல் பனிக்கட்டி உடைந்து நீரில் மூழ்கித் தம்பியும் மாண்டான். இளமையிலேயே துயரம் அவரைச் சூழ்ந்தது.

1794 முதல் 1798 வரை கோபன்ஹேகனில் பயின்று, பின் டிரெஸ்டனில் குடியேறினார். 1810-இல் பிரஷ்ய மன்னர் அவருடைய இரண்டு ஓவியங்களை வாங்கியதும் புகழ் பெருகியது. 1818-இல் கரோலினை மணந்தார்.

என்னைக் கவர்ந்தது 1824-ஆம் ஆண்டுதான். வெளியில் பென்சிலால் வரைந்து, வீட்டில் பொறுமையாக வண்ணம் தீட்டுவதே பிரீட்ரிக்கின் வழக்கம். ஆனால், அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அந்தி வானத்தைச் சிறு அட்டைகளில் விரைவாக எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அவற்றுள் ஒன்று மன்ஹைம் கலைக்கூடத்தில் உள்ளது. அவரது வீட்டிலேயே குடியிருந்த நார்வே ஓவியர் டால் இவ்வகை முகில் வரைவுகளில் வல்லவர். ஐம்பது வயதிலும், தம்மைவிட இளையவரின் முறையைச் செய்துபார்க்க பிரீட்ரிக் தயங்கவில்லை.

அதே ஆண்டு கலைக்கழகம் அவருக்குத் துணைநிலைப் பேராசிரியர் பட்டம் அளித்தது. டிசம்பரில் இயற்கைக்காட்சி ஓவிய வகுப்பை நடத்திய கிளெங்கல் காலமானார். அந்தப் பொறுப்பு பிரீட்ரிக்குக்குக் கிடைக்கவில்லை. மக்களின் ரசனையும் மெல்ல மாறியது. 1835-இல் பக்கவாதம் தாக்கியபின் எண்ணெய் ஓவியம் தீட்டுவது கடினமானது. ஆயினும் தாளில் வரைவதை அவர் விடவில்லை. 1840 மே 7-ஆம் நாள், ஏறக்குறைய மறக்கப்பட்ட நிலையில், டிரெஸ்டனில் மறைந்தார்.

1906-இல் பெர்லினில் நடந்த ஒரு பெரும் கண்காட்சியே அவரை மீண்டும் உலகுக்குக் காட்டியது. 2024-இல் அவரது 250-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி ஹம்பர்க், பெர்லின், டிரெஸ்டன் நகரங்களில் கண்காட்சிகள் நடைபெற்றன.

இறுதியாண்டு மாணவனான நான் இதுவரை அனுப்பிய வேலை விண்ணப்பங்கள் எதற்கும் பதில் வரவில்லை. பட்டம் பெற்றபின் நம் திறமையை யார் மதிப்பார் என்ற கவலை என் நண்பர்களுக்கும் உண்டு. பிரீட்ரிக்கின் வாழ்க்கை அதற்கு எளிதான ஆறுதல் தரவில்லை. அவருக்குரிய மதிப்பு, அவர் மறைந்து 66 ஆண்டுகள் கழித்தே திரும்பியது. ஆயினும், கண்காட்சிக்கு வைப்பதற்காக அன்றி, வானத்தை அறிந்துகொள்வதற்காகவே அவர் அச்சிறு அட்டைகளைத் தீட்டினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறர் மதிப்பு நம் கையில் இல்லை. கற்பது நம் கையில் இருக்கிறது.