நட்டு கழற்றிப் படித்த ஜி.டி.நாயுடு

ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வழியாகத்தான் உர மூட்டை ஏறுகிறது, தேயிலை இறங்குகிறது. மேலே எஸ்டேட்டுகளுக்குள் கொழுந்து ஏற்றும் டிராக்டர் ஒன்று நின்றுவிட்டால் அது வெறும் வண்டிக் கோளாறு அல்ல. பறித்த கொழுந்து அன்றன்றைக்கே ஆலைக்குப் போக வேண்டும். குவிந்து கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். பொள்ளாச்சியில் இருந்து மெக்கானிக் மலையேறி வரும்வரை கொழுந்து காத்திருக்காது. அதனால்தான் அங்கே பழைய ஜீப்பும் டிராக்டரும் வைத்திருப்பவர்கள் பாதி மெக்கானிக்காகவே இருக்கிறார்கள்.

கீழே சமவெளியில் இருக்கும் உங்கள் நிலைமையும் இதற்கு அதிகம் மாறுபட்டதல்ல. மழை பெய்து ஈரம் பதமாக இருக்கும் நேரத்தில் டிராக்டர் நின்றால் அந்தப் பருவத்து உழவே தள்ளிப்போகிறது. கையில் ஸ்பேனர் எடுக்கத் தயங்கும் விவசாயிகளுக்காகவே ஜி.டி.நாயுடுவின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவரை விஞ்ஞானி, தொழிலதிபர் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் முதலில் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை. அடுத்தவர் ஓட்டி வந்த வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, அதையே வாங்கிப் பிரித்துப் பார்த்துத் தொழில் கற்றவர்.

கோவை மாவட்டம் சூலூருக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தார். முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பை நிறுத்திக்கொண்டு தகப்பனாரின் தோட்டத்தில் வேலை பார்த்தார். கிடைத்த புத்தகத்தைப் படிக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. பள்ளியை விட்டதைப் பெருமையாகப் பேசுபவர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஒருநாள் அந்த ஊர்ப் பக்கம் ஆங்கிலேய வருவாய் அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் செய்த ரட்ஜ் வண்டி அது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியை அந்தப் பக்கத்து மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். துரைசாமி வேடிக்கையோடு நிற்கவில்லை. அது ஏன் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஏக்கம் பிடித்துக்கொண்டது. வண்டி வாங்கக் காசு இல்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். வருடக்கணக்கில் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய் அதே அதிகாரியிடம் அதே வண்டியை வாங்கினார். விலை முந்நூறு ரூபாய் என்று சொல்வார்கள். அன்றைக்கு அது சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

வாங்கிய வண்டியை ஊர் சுற்றத்தான் ஓட்டியிருப்பார் என்று நினைப்பீர்கள். அவர் அதை அக்கக்காகக் கழற்றினார். பிறகு பூட்டினார். சொல்லித் தர ஆள் இல்லாமல் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒரே சிலிண்டர் கொண்டது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க கார்புரேட்டர், தீப்பொறி கொடுக்க மேக்னெட்டோ, சக்கரத்தைச் சுற்ற பெல்ட். எஞ்சின் சுற்றும்போது மேக்னெட்டோவே மின்சாரம் உண்டாக்கிக்கொள்வதால் அதற்கு பேட்டரி தேவையில்லை. எரிபொருள், காற்று, தீப்பொறி மூன்றும் சரியான நேரத்தில் சேர்ந்தால் வண்டி ஓடும். ஒன்று தவறினாலும் நிற்கும். நூறு வருடம் கழித்து உங்கள் வீட்டு பெட்ரோல் வண்டிக்கும் இதே கணக்குத்தான். டீசல் வண்டியில் தீப்பொறிக்குப் பதில் அழுத்தம், அவ்வளவே வித்தியாசம்.

கழற்றிப் பூட்டுவதில் அறிவைவிட ஒழுங்கு முக்கியம். பழைய வேட்டி ஒன்றை விரித்து, கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கி வையுங்கள். கழற்றிய நட்டை அதன் போல்ட்டிலேயே மாட்டி வையுங்கள். இப்போது கையில் செல்போன் இருக்கிறது, கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. நடுவில் இருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக, கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது கேஸ்கட்டும் புகையும். ஜாக்கி மட்டும் வைத்து வண்டிக்கு அடியில் படுப்பவர்கள் கிராமத்துக்குக் கிராமம் இருக்கிறார்கள். கனமான மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் தலையை உள்ளே விடவே கூடாது.

வண்டி கற்றதும் நாயுடு நேராக மோட்டார் தொழிலுக்கு வந்துவிடவில்லை. திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை நடத்தினார். முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல லாபம் பார்த்தார். அந்தத் தெம்பில் பம்பாய்ப் பஞ்சு வியாபாரத்தில் இறங்கி, சம்பாதித்ததை அங்கேயே தொலைத்தார். வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பியவருக்குக் கைகொடுத்தது ராபர்ட் ஸ்டேன்ஸ். கோவையில் காப்பிக் கொட்டை பதப்படுத்தும் தொழிலை வளர்த்த ஆங்கிலேயர் அவர். நாயுடுவின் கையில் இருந்த வேலைத்திறனை நம்பி, ஒரு பேருந்து வாங்கக் கடன் உதவி செய்தார். நிலத்தையோ நகையையோ அடமானம் கேட்கும் காலத்தில் ஒருவரின் தொழில் அறிவையே ஈடாக எடுத்துக்கொண்ட ஸ்டேன்ஸையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பேருந்து ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் நாயுடுவேதான். வழியில் நின்றால் மெக்கானிக்கும் அவரேதான். மலைக்கு அடிவாரமான பொள்ளாச்சியில் அப்போது ஊருக்கு நான்கு ஒர்க் ஷாப் கிடையாது. உதிரி பாகம் இங்கிலாந்தில் இருந்து கப்பலில் வர வேண்டும். இருப்பதைப் பழுது பார்த்து ஓட்டத் தெரிந்தவரே பஸ் முதலாளியாக நீடிக்க முடிந்தது. ஒரு வண்டி பல வண்டிகளாகி, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., கோவைப் பகுதியின் பெரிய பேருந்து நிறுவனமாக வளர்ந்தது. நாட்டிலேயே ஒழுங்காக ஓடிய பேருந்து நிறுவனங்களில் ஒன்று என்று பெயர் எடுத்தது.

ஒழுங்காக ஓடுவது என்றால் என்ன? நின்ற பிறகு பழுது பார்ப்பது ஒரு வகை. நிற்காமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வகை. பஸ் நடத்துபவருக்கு இரண்டாவதுதான் லாபம், டிராக்டர் வைத்திருப்பவருக்கும் அப்படியே. புழுதியில் உழும் நாட்களில் பழைய டிராக்டரின் ஏர் கிளீனர் கிண்ணத்தைத் தினமும் திறந்து பாருங்கள். அடியில் சேறு தங்கி எண்ணெய் கெட்டியாகியிருந்தால் கழுவிப் புது எண்ணெய் ஊற்றுங்கள். வடிகட்டாத புழுதி எஞ்சினுக்குள் போனால் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். கால் லிட்டர் எண்ணெயில் முடிய வேண்டியது எஞ்சின் இறக்கி வேலை செய்வதில் போய் நிற்கும்.

டீசல் தீர்ந்து நின்ற வண்டி, மறுபடி ஊற்றியும் கிளம்பாவிட்டால் பயப்பட வேண்டாம். குழாயில் காற்றுப் பிடித்திருக்கும். டீசல் ஃபில்டர் மேலே உள்ள சிறு ஸ்குரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும். குமிழி நின்று சுத்தமான டீசல் வந்ததும் முறுக்கிவிடுங்கள். பிறகு இன்ஜெக்‌ஷன் பம்பில் உள்ள ஸ்குரூவிலும் இப்படியே. ஆனால் பம்பைப் பிரிப்பது, நாசில் அழுத்தம் வைப்பது வீட்டு வேலை அல்ல. அதற்குத் தனிக் கருவி வேண்டும். நாசிலில் இருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே இழக்க நேரிடும். எதைத் தொடக்கூடாது என்று தெரிவதும் மெக்கானிக் வேலையில் ஒரு பாதி.

நாயுடுவின் வாழ்க்கையில் விவசாயிக்கு மிக நெருக்கமான ஆண்டு 1937. பைக்காரா நீர்மின் நிலையத்தில் இருந்து 1932ல் மின்சாரம் வரத் தொடங்கியிருந்தது. கோவைப் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை. மாடு பூட்டிக் கமலை இறைத்துப் பாசனம் செய்து கொண்டிருந்த தோட்டங்களுக்கு மின்சாரம் பெரிய வாய்ப்பு. ஆனால் மோட்டார் வெளிநாட்டில் இருந்து வர வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற பட்டறையில் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்தார். இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பிற்காலத்தில் மோட்டார், பம்ப் என்றாலே கோவை என்று நாடு முழுவதும் விவசாயிகள் சொல்லும் நிலை வந்ததற்கு அந்தப் பட்டறை ஒரு தொடக்கம்.

விவசாய ஆராய்ச்சியும் செய்தார். பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் புது வகைகளை வளர்த்தார். சர் சி.வி.ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் அவருடைய பண்ணையைப் பார்க்க வந்தார்கள். மின்சவரக்கத்தி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் பதிவுக் கருவி என்று அவர் செய்தவற்றின் பட்டியல் நீளமானது. 1936ல் தேர்தலிலும் நின்று பார்த்தார், தோற்றார்.

அவர் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் படுவது 1945ல் தொடங்கிய கல்வி முயற்சி. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அவருடைய நன்கொடையில் வந்தன. கோவை அவினாசி சாலையில் ஹோப் காலேஜ் நிறுத்தம் என்று இன்றும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, அந்தப் பெயர் இப்படி வந்ததுதான். அந்தப் பொறியியல் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நாயுடு முதல்வராக இருந்தார். நான்கு ஆண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு ஆண்டு போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

இரண்டே ஆண்டில் பொறியாளர் ஆகிவிட முடியுமா என்றால், பாலம் கட்டுபவருக்கும் அணை கட்டுபவருக்கும் அது போதாது என்றே நினைக்கிறேன். ஆனால் வேளாண் கருவிகளைப் பழுது பார்க்கும் ஒரு இளைஞனுக்கு இரண்டு ஆண்டு பட்டறைப் பயிற்சி தாராளமாகப் போதும். நம்மிடம் பொறியியல் பட்டம் வாங்கிய பிள்ளைகள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பவர் டில்லரின் கிளட்சைச் சரி செய்யத்தான் ஆள் தேடுகிறோம். விரிவாக்கப் பணியாளர்கள் பயிற்சி முகாம் நடத்தும்போது, விதை நேர்த்தியோடு சேர்த்து ஒரு பழைய டிராக்டரையும் நிறுத்தி வைத்து, பெண்கள் உட்பட எல்லோரையும் தொட்டுப் பழகச் சொல்லலாம்.

1952ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை வடிவமைத்தார். விலை சுமார் 2,000 ரூபாய். தயாரிக்க அரசு உரிமம் கிடைக்கவில்லை, கார் அத்தோடு நின்றது. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1908 முதல் 1927 வரை விற்றபோது, அங்கே விவசாயிகள் அதைத் தாங்களே பழுது பார்த்தார்கள். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி பெல்ட் மாட்டி மரம் அறுக்கவும் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தச் சின்னக் கார் வந்திருந்தால் நம் தோட்டத்துக்காரர்கள் என்னென்ன செய்திருப்பார்களோ. வரிச்சுமையை எதிர்த்துத் தன் தயாரிப்புகளை மக்கள் முன் உடைத்தும் காட்டினார் நாயுடு. கோபம் புரிகிறது. ஆனாலும் செய்த பொருளை உடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மலைச்சாலைக்கு வருவோம், ஏனென்றால் அங்கே பழுது பார்ப்பது உயிர்க்கணக்கு. சின்னக்கல்லாறு போல மழை கொட்டும் இடங்களில் பேட்டரி முனையில் பூ பூப்பதும், பிரேக் குழாய் துருப்பிடிப்பதும் சீக்கிரம் நடக்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ஆயில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும் சூட்டில் ஆவியாகி, மிதித்தால் கால் உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். எஞ்சின் தாங்கிப் பிடிக்க வேண்டிய பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

டிராக்டரில் பிரேக் பெடல் இரண்டு. வயலில் திருப்ப ஒவ்வொன்றாக மிதிக்கலாம். சாலைக்கு வரும் முன் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் டிரெய்லரோடு இறக்கத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கவிழும். அந்தக் கொக்கி உங்கள் டிராக்டரில் இன்னும் இருக்கிறதா, துருப்பிடித்து உடைந்துவிட்டதா என்று இன்று மாலையே பாருங்கள்.

ஜி.டி.நாயுடு 1974 ஜனவரி 4 அன்று காலமானார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரில் உள்ள வளாகத்தில் அவருடைய கருவிகளையும், ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பல நாட்டுப் பழைய கார்களையும் பார்க்கலாம். சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ கோவை போகும் நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் ஸ்பேனர் பிடிக்க ஆசைப்படும் பிள்ளை யாரோ அவரையும் கூட்டிப் போங்கள்.